கூழும் மீசையும்

கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்பது நம் நாட்டுப் பழமொழி. இரண்டையும் ஒருங்கே விரும்புபவன் படும் திண்டாட்டத்தைக் கேலியாகச் சொல்ல எழுந்தது அது. கூழைக் குடித்தால் மீசையில் ஒட்டும். மீசையைக் காத்தால் வயிறு காயும். இப்பழமொழியை உண்டாக்கியவர் அயல்நாட்டில் உத்தியோகம் பார்த்தவரல்லர் என்பது திண்ணம். ஆயினும், அவ்வாறு உத்தியோகம் பார்க்கும் நம்மவர்க்கு இது பொருந்துவதுபோல வேறெவர்க்கும் பொருந்துமோ என்பது ஐயமே. நம் கல்லூரிச் சஞ்சிகைக்கு ஜப்பான் தேசத்தைப்பற்றி ஏதேனும் எழுதி அனுப்புமாறு ஆசிரியர் பணித்தனர். செர்ரி மலரைப்பற்றியும் அதிவேக ரயிலைப்பற்றியும் எழுத வல்லார் பலர் உளர். அவற்றை அவர்களுக்கே விட்டுவிட்டு, ஒஸாகா நகரில் என் மேலுதடு பட்ட பாட்டை எழுதத் துணிந்தேன்.

தமிழில் மேலுதட்டில் வளர்வது மீசை. மோவாயிலும் கன்னத்திலும் வளர்வது தாடி. இரண்டையும் ஒருசேர அடக்கும் சொல் நம் அன்றாடப் பேச்சில் இல்லை. இரண்டும் ஒரே இனமென்று நாம் நினைப்பதுமில்லை. மீசை ஆண்மகனுக்கு வேட்டியைப்போல; தாடியோ காரணத்தோடு வருவது. நேர்த்திக்கடன், துக்கம், துறவு, நோய், காதல் தோல்வி, மனைவி கருவுற்றிருத்தல் என்று ஏதேனும் ஒன்று அதன் பின்னால் நிற்கும். ஆகவே, தாடி வைத்தவனைக் கண்டால் என்ன விசேஷம் என்கிறோம்; மீசை எடுத்தவனைக் கண்டால் என்ன நேர்ந்தது என்கிறோம். ஜப்பானியர் இவ்வளவையும் ‘ஹிகே’ என்ற ஒரே சொல்லால் சொல்லிவிடுவர். எழுதுங்கால் மேலுதட்டுக்கு ஒன்றும், மோவாய்க்கு ஒன்றும், கன்னத்துக்கு ஒன்றுமாக மூன்று சித்திர எழுத்துக்கள் உள. வாயால் சொல்லுங்கால் மூன்றும் ஹிகேதான். அயிரையும் விராலும் ஒன்றாக வாரும் இவ்வலை எங்கள் ஸ்தாபனத்துக் கைந்நூலிலும் விரிக்கப்பட்டிருந்தது. ‘ஹிகே மழித்திருத்தல் வேண்டும்’ என்பது விதி. தாடியைக் கருதி யாரோ எழுதியதில் என் மீசையும் சிக்கிற்று.

இதனால் ஜப்பானியர் முகத்து மயிரை என்றும் வெறுத்தவர் என்று எண்ணிவிடலாகாது. போர்வீரர் ஓங்கியிருந்த காலத்தில் அது வீரத்துக்கு அடையாளமாயிருந்தது. தோக்குகவா மரபினர் நாட்டை அமைதிப்படுத்திய பின்னர், 1670-ஆம் ஆண்டில் பெருந்தாடி, பெருமீசைகளைத் தடுத்து ஓர் ஆணை பிறந்தது. சண்டைக்கோலம் ஒழிந்தால் சண்டையும் ஒழியும் என்று கருதினர்போலும். பிறகு, 1868-ல் மெய்ஜி ஆட்சி தோன்றி மேனாட்டுப் பழக்கங்கள் புகுந்தபோது காற்று மாறிற்று. சக்கரவர்த்தியே தாடியும் மீசையும் வளர்த்தார். மந்திரிகளும் சேனாபதிகளும் பேராசிரியர்களும் அவரைப் பின்தொடர்ந்தனர். 1885-ல் முதற் பிரதம மந்திரியான இதோ ஹிரோபூமியின் தாடியை 1963-ல் வெளிவந்த ஆயிரம் யென் நோட்டில் காணலாம். 1984-ல் வந்த ஆயிரம் யென் நோட்டில் நாவலாசிரியர் நத்ஸுமே ஸோஸெகி. அவர்க்கு அழகிய மீசை. 2004-ல் வந்ததில் கிருமிநூல் வல்லார் நோகுச்சி ஹிதேயோ, அவர்க்கும் மீசை. 2024-ல் வந்ததில் வைத்தியப் பேரறிஞர் கிதஸாதோ ஷிபஸபுரோ, அவர்க்கும் அப்படியே. ஆக, அறுபது ஆண்டுகளுக்கு மேலாக ஆயிரம் யென் நோட்டில் மழித்த முகம் அச்சானதில்லை. மீசை ஆகாது என்னும் முதலாளி மீசைக்காரர் படங்களையே எண்ணிச் சம்பளம் கொடுக்கிறார். (எங்களுக்குச் சம்பளம் பாங்கிக் கணக்கில் நேரே ஏறிவிடுகிறது என்பது வேறு விஷயம்.)

இப்பொழுது அலுவலகங்களில் காணும் முகங்கள் பெரும்பாலும் மழித்த முகங்களே. சமையல் வல்லுநர், சித்திரக்காரர், மரவேலைக்காரர் முதலியோர் தாடி வைப்பதுண்டு. அவரை எவரும் குறை கூறுவதில்லை. வாடிக்கைக்காரர்முன் நின்று பணிந்து பேச வேண்டியவன் வைத்தால்தான் குறை. மழிக்காத மோவாய்க்கு அந்நாட்டுப் பேச்சில் ‘சோம்பல் ஹிகே’ என்று பொருள்படும் பெயர் ஒன்று உண்டு. குடியாலோ, துயராலோ, ஓயாத வேலையாலோ தன்னைக் கவனியாது வந்துவிட்டான் என்பது அதன் குறிப்பு. அத்தகையவன் எதிரில் நிற்பவரையும் மதியாதவன் ஆகிறான். 2010-ல் கும்மா மாகாணத்து இஸெஸாகி நகரசபை தன் சிப்பந்திகள் ஹிகே வைக்கலாகாது என்று விதித்தது. ஒஸாகா நகரசபையும் 2012-ல் தன் சுரங்க ரயில் ஊழியர்க்கு அவ்வாறே ஒரு விதி செய்தது. இவ்விதியிலிருந்து எழுந்த வழக்கைப் பின்னர்ச் சொல்வேன்.

நம் கல்லூரியில் பயின்றவர்க்கு வேதபாட வகுப்பு மறந்திராது. ஆதியாகமம் 41-ஆம் அதிகாரத்தில், சிறையிலிருந்த யோசேப்பு பார்வோன்முன் அழைக்கப்படுகிறான். போகுமுன் சவரம் செய்துகொண்டு உடையும் மாற்றிக்கொள்கிறான். எபிரெயர் தாடி வளர்ப்பவர், எகிப்தியர் மழிப்பவர். எகிப்திய முகத்தோடு அரண்மனைக்குள் புகுந்த எபிரெய வாலிபன் அத்தேசத்துக்கே அதிகாரியாகிறான். சாமுவேலின் இரண்டாம் புஸ்தகம் 10-ஆம் அதிகாரத்தில் வேறொரு கதை வருகிறது. அம்மோன் ராஜா இறந்தபோது துக்கம் விசாரிக்கத் தாவீது தன் ஊழியரை அனுப்புகிறான். புதிய ராஜாவாகிய ஆனூன் அவர்களை வேவுகாரர் என்று ஐயுற்று, தாடியில் ஒரு பாதியைச் சிரைத்து, உடையையும் பாதியில் கத்தரித்துத் துரத்திவிடுகிறான். வெட்கத்தால் ஊர் திரும்பமாட்டாத அவர்களைத் தாடி வளருமட்டும் எரிகோவிலேயே தங்கச் சொல்கிறான் தாவீது. அதிலிருந்து யுத்தமே மூண்டது. நம் தேசத்திலும், தாடியை மழிக்கவும், மீசையைக் கத்தரிக்கவும், நெற்றிக்குறியை விடவும், புதுத் தலைப்பாகை அணியவும் கும்பினியார் உத்தரவிட்டதும், 1806 ஜூலை 10-ஆம் நாள் விடியுமுன் வேலூர்க் கோட்டையில் துப்பாக்கி வெடித்ததும் சரித்திர மாணவர் அறிவர். அக்கலகத்துக்கு வேறு பெருங் காரணங்களும் உண்டு. மயிரளவு காரணமும் அவற்றுள் ஒன்றாயிருந்தது.

யோசேப்பு தானே மழித்துக்கொண்டான், தூதரைப் பிறர் மழித்தனர், வேற்றுமை அவ்வளவே என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால், பார்வோனுடைய ஆள் வாயிலில் காத்து நிற்க, சிறையிலிருந்து புறப்படுகிறவனுக்குச் சொந்த விருப்பம் எவ்வளவு இருந்திருக்கும்? உபாத்தியாயர் இதை வகுப்பில் கேட்டதில்லை. நம் கல்லூரி மண்டபத்தில் தொங்கும் பழைய தலைவர்களின் படங்களை நினைத்துப் பாருங்கள். தாடியில்லாத முகம் அவற்றில் மிகச் சிலவே. அவர்களும் அயல்நாட்டில் உத்தியோகம் பார்க்க வந்தவர்கள்தாமே! மழித்துவிடும் என்று சொல்ல இங்கே அவர்களுக்கு மேலதிகாரி எவரும் இல்லை. நம்மவரோ அத்தாடிகளைக் கண்டு ரிஷிகள் என்று கைகூப்பினர்.

நான் ஒஸாகாவில் வேலையில் அமர்ந்தது 2017 ஏப்ரலில். மீசையை மழி என்று எவரும் என்னிடம் சொல்லவில்லை. அங்கே அவ்வாறு நேரே சொல்லும் வழக்கமில்லை. இரண்டாம் வாரத்தில் எங்கள் பகுதித் தலைவர் என் மேசையருகே வந்தார். ஐம்பதைக் கடந்தவர், மெல்லப் பேசுபவர். “இப்பொழுது வேலை மிகுதியோ? உறங்க நேரம் கிடைக்கிறதா?” என்று பரிவோடு விசாரித்தார். நன்றாக உறங்குகிறேன் என்று நன்றி கூறினேன். மறுவாரமும் வந்து அதையே விசாரித்தார். எவ்வளவு அன்புள்ள மனிதர் என்று வியந்துகொண்டிருந்தேன். உடன் வேலை செய்த இளைஞர் ஒருவர்தாம் மதிய உணவின்போது உரை சொன்னார்: சவரம் செய்துகொள்ளவும் உமக்கு நேரமில்லையா என்பதே அதன் பொருளாம். அன்றிரவு மழித்தேன். மறுநாட் காலையில் தலைவர் என்னைக் கண்டு, “நேற்று நன்றாக உறங்கினீர் போலும்” என்று முகமலர்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மாலைதோறும் கைபேசித் திரையில் ஊராரோடு முகம் பார்த்துப் பேசுவது என் வழக்கம். அவ்வாரம் தாயார் என்னைக் கண்டதும் சிறிது நேரம் வாய் திறக்கவில்லை. பிறகு, “என்ன தம்பி இது கோலம்? அப்பா இங்கே குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறார்களே!” என்றார்கள். நம் பக்கத்தார்க்கு இதை விளக்க வேண்டுவதில்லை. தகப்பன் இறந்தால் மகன் தலையும் மீசையும் மழிப்பான். தகப்பன் இருக்கையில் மகன் மீசையை எடுப்பது அவருக்கு நாள் குறிப்பதற்கு ஒப்பாகும் என்று அஞ்சும் வீடுகள் இன்றும் உள. எங்கள் வீடு அவற்றுள் ஒன்று. தகப்பனார் சிரித்துவிட்டு, “கூலி கொடுக்கிறவன் சொன்னபடி இருக்கட்டும், விடு” என்றார்கள். ஆனால், அதன்பின் அவர்கள் திரைக்குமுன் வந்து அமர்வது குறைந்துபோயிற்று. அடுத்த வீட்டு அத்தை உள்ளே வந்தால் தாயார் கைபேசியைச் சட்டென்று மடியில் கவிழ்த்துவிடுவார்கள். சேலையின் இருட்டும் இருவர் பேச்சொலியுமே எனக்கு எட்டும். அத்தை விடைபெற்றுச் செல்லும்வரை அவ்விருட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன். இவ்வாறு பல ஞாயிற்றுக்கிழமைகள் கழிந்தன.

கோட்டையும் கழுத்துப்பட்டையையும் பெயர்ச்சீட்டையும் மாலையில் கழற்றி ஆணியில் மாட்டிவிடலாம். மீசையை மாலையில் அணிந்து காலையில் கழற்ற வழியில்லை. ஸ்தாபனத்தார்க்கு நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் தருவதாகக் கையெழுத்திட்டிருந்தேன். என் மேலுதடோ இருபத்துநான்கு மணி நேரமும், ஞாயிற்றுக்கிழமையிலும், அவர்கள் வசமிருந்தது. ஒஸாகாவில் மரியாதை என்று படிக்கப்பட்ட முகம் எங்கள் தெருவில் இழவு என்று படிக்கப்பட்டது. முகம் ஒன்றுதானே!

ஒருநாள் தலைவரிடம் எல்லாவற்றையும் எடுத்துரைத்தேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டு முடித்து, “இது உமது மதத்தின் விதியா?” என்றார். மதவிதி என்றால் விலக்கு அளிப்பதற்குக் கைந்நூலில் ஒரு பிரிவு இருந்தது. ஆம் என்ற ஒரு சொல் போதும், காரியம் முடிந்துவிடும். சீக்கியர் மயிர் களையாதிருப்பது அவர்தம் சமயம் விதித்த நெறி. அதன்பொருட்டு வேலையையும் துறந்தவர் அவருள் உண்டு. என் மீசையோ எங்கள் தெருவின் வழக்கம். எந்த ஆலயத்திலும் அதற்காக நான் சத்தியம் செய்ததில்லை. பழக்கத்தை விரதமென்று சொல்லிச் சலுகை பெறுவது மெய்யாக விரதம் காப்பவர் இலையிலிருந்து எடுத்து உண்பதுபோல எனக்குத் தோன்றிற்று. மதமன்று, என் தாயாரின் மனம் என்றேன். தலைவர் நெடுநேரம் மேசையையே பார்த்திருந்தார். கடைசியில், “கடினம்” என்றார். அந்நாட்டில் ஒருவர் கடினம் என்றால் இயலாது என்று அறிந்துகொள்ள வேண்டும். தாயாரின் மனத்துக்கு எந்தக் கைந்நூலிலும் பிரிவு இல்லை.

இது நிற்க, 2019 ஜனவரி 16-ஆம் நாள் ஒஸாகா ஜில்லா நீதிமன்றம் முன்சொன்ன வழக்கில் தீர்ப்பளித்தது. நகரசபையின் சுரங்க ரயிலை ஓட்டிவந்த இருவர், ஹிகே வைத்திருந்த காரணத்தால் ஆண்டு மதிப்பீட்டில் தங்களைத் தாழ்த்திவிட்டனர் என்று முறையிட்டிருந்தனர். ஹிகே வைப்பதும் வைக்காததும் தனிமனிதன் சுதந்திரம் என்றது நீதிமன்றம். வேலை முடிந்ததும் ஒட்டிக்கொள்ளவும் வேலை தொடங்குமுன் எடுத்துவிடவும் இயலாத பொருளாதலால், அதன்மேலிடும் கட்டுப்பாடு ஊழியனுடைய சொந்த வாழ்க்கைக்குள்ளும் புகுந்துவிடும் என்பதையும் எடுத்துக்காட்டிற்று. நான் ஞாயிறுதோறும் கண்டதை நீதிபதிகளும் கண்டனர் என்று எண்ணி மகிழ்ந்தேன். மழித்து வருமாறு நகரசபை வேண்டிக்கொள்ளலாம், அதில் தவறில்லை. வேண்டுகோளுக்கு இசையாதவனை மதிப்பீட்டில் தாழ்த்தியதுதான் சட்டத்துக்கு மாறானது என்பது தீர்ப்பின் சாரம். இருவர்க்கும் சேர்த்து 4,40,000 யென் நஷ்டஈடு கொடுக்குமாறு உத்தரவாயிற்று. நகரசபையார் மேல்முறையீடு செய்தனர்; அவ்வாண்டு செப்டம்பரில் ஒஸாகா உயர்நீதிமன்றமும் அத்தீர்ப்பையே நிலைநிறுத்திற்று.

உயர்நீதிமன்றத் தீர்ப்பு வெளிவந்த சில நாட்களில், அதைப்பற்றிய பத்திரிகைத் துண்டு ஒன்று காலையில் என் மேசைமேல் கிடந்தது. அதன் ஓரத்தில் 1980 என்றும், தோக்கியோ என்றும் பென்சிலால் எழுதியிருந்தது. தேடிப் பார்த்தேன். வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவரின் மீசை வழக்கு அது. ‘ஹிகே மழித்து’ என்றிருந்த அந்த நிறுவன விதியைத் தோக்கியோ ஜில்லா நீதிமன்றம் ஆராய்ந்து, அங்கே ஹிகே என்றது காண்போர் அருவருக்கத்தக்க ஒழுங்கற்றதையும் விகாரமானதையுமே குறிக்கும், சீராகக் கத்தரித்த மீசையைக் குறிக்காது என்று 1980 டிசம்பரில் தீர்ப்புக் கூறியிருந்தது. சொல்லுக்குப் பொருள் வரையறுப்பதில் நம் உரையாசிரியர்களுக்கு இந்நீதிபதி இளைத்தவரல்லர். அக்டோபர் மாதத்தில் எங்கள் கைந்நூலின் புதிய பதிப்பு வந்தது. ஹிகே என்ற சொல்லுக்கு முன்னால் ‘ஒழுங்கற்ற’ என்ற அடைமொழி ஒன்று ஏறியிருந்தது. யார் முயன்று ஏற்றினார் என்று எவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பென்சில் எழுத்து யாருடையது என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

மீசை மீண்டும் உருப்பெற்றது. தாயார் அடுத்த வீட்டு அத்தையைத் தாமே அழைத்துக் காட்டினார்கள். தகப்பனார் திரைக்குமுன் வந்து அமர்ந்து, இடப்புறம் சற்று ஏறியிருக்கிறது என்று குற்றம் கண்டார்கள். ஆனால், ஒஸாகாவில் அதைக் கண்டவர் சிலரே. 2020-ல் கொள்ளைநோய் பரவ, ஊர் முழுவதும் முகக்கவசத்துக்குள் புகுந்துவிட்டது. இரண்டரை ஆண்டு வாதாடிப் பெற்ற மீசை துணிக்குள் ஒளிந்து வாழ்ந்தது.

2021 மே மாதத்தில் தகப்பனார் காலமானார்கள். அம்மாதம் இந்தியாவிலிருந்து வரும் அயல்நாட்டாரை, அங்கே வசிக்க அனுமதி பெற்றவரையுங்கூட, ஜப்பான் உள்ளே விடவில்லை. போனால் எப்பொழுது திரும்பலாம் என்று சொல்வார் இல்லை. தம்பி கொள்ளி வைத்தான். கருமாதியன்று ஆற்றங்கரையில் நாவிதர் அவனுக்குத் தலைமழித்த அதே நேரத்தில், நான் குளியலறைக் கண்ணாடியின்முன் நின்று மீசையை எடுத்தேன். கைபேசியைத் தண்ணீர்க் குழாயின்மேல் சார்த்தி வைத்திருந்தேன். கை நடுங்கியதால் உதட்டில் சிறு வெட்டு விழுந்தது. தாயார் என் முகத்தைப் பார்த்தார்கள், ஒன்றும் சொல்லவில்லை. அத்தை பக்கத்திலேயே அமர்ந்திருந்தார்கள். கைபேசியை அன்று ஒருவரும் கவிழ்க்கவில்லை.

மறுநாள் வேலைக்குச் சென்றேன். தகப்பனார் காலமான செய்தி அலுவலகத்தில் முன்னரே தெரியும். தலைவர் தம் நாட்டு முறைப்படி கறுப்பும் வெள்ளையுமான நூல் கட்டிய உறையில் பணம் வைத்து, இரு கைகளாலும் அளித்திருந்தார். சடங்கு அதனோடு முடிந்தது என்றே எண்ணியிருந்தேன். மதியம் உணவறையில், ஆளுக்கொரு கண்ணாடித் தடுப்புக்குள் பேசாமல் உண்பது அக்காலத்து விதி. தலைவர் எனக்கு நேரெதிரே இருந்தார். உண்பதற்காக நான் முகக்கவசத்தை எடுத்தேன். அவர் என் உதட்டைப் பார்த்தார். கையிலிருந்த குச்சிகளைத் தட்டின்மேல் வைத்தார். எழுந்து நின்று, இடுப்புவரை வளைந்து வணங்கி, நிமிராமல் அப்படியே நின்றார். நானும் எழுந்து வணங்கினேன். அறையிலிருந்த மற்றையோர்க்கு என்ன நேர்ந்தது என்று விளங்கவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒருமுறை கேட்டு, கடினம் என்று சொல்லி நிறுத்திய அச்செய்தியில் ஓர் எழுத்தையும் அவர் மறந்திருக்கவில்லை.

அவர் 2024 மார்ச்சில் ஓய்வு பெற்றார். அவ்வாண்டு கோடையில் உமெதா ரயில் நிலையத்தில் ஒருவர் என் பெயரைச் சொல்லி அழைத்தார். யாரென்று உடனே தெரியவில்லை. மோவாய் நிறைய வெண்தாடி. முப்பத்தேழு வருஷமாக வைக்க நினைத்ததாம், மனைவிக்குப் பிடிக்கவில்லையாம். ஓரங்கள் படியாமல் முள்ளாக நிற்பதைத் தடவிக்காட்டி, நான் எத்தகைய கத்தரிக்கோலால் மீசையைத் திருத்துகிறேன் என்று கேட்டார். ஈரமாயிருக்கையில் வெட்டலாகாது, உலர்ந்தபின் சுருங்கிக் குறைந்துவிடும் என்று சொன்னேன். அதைச் சிறு குறிப்புப் புஸ்தகத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டார். வந்த வண்டியை இருவரும் போகவிட்டோம்; அடுத்த வண்டி வரும்வரை அதைப்பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.